எள்ளோடு போன மூன்று பைகள்

அவளை எல்லோரும் மருந்தக்கா என்பார்கள். கப்பலேறும் எள்ளில் பூச்சி இருக்கக் கூடாது. கன்டெய்னர் பெட்டியில் மூட்டைகள் ஏறியதும் முகமூடி மாட்டிக்கொண்டு உள்ளே போவாள். கயிற்றுக்குப் பத்து முடிச்சு, முடிச்சுக்கு ஒரு மருந்துப் பை. அப்படிப் பத்துக் கயிறுகளை மூட்டைகளின் மேல் போட்டுக் கதவை அடைப்பாள். பைக்குள் இருக்கும் தூள் காற்றின் ஈரம் பட்டுப் பூண்டு வாடையுள்ள விஷவாயுவாகும். ஐந்து நாள் கழித்துக் கயிறுகளை உருவிவிட்டு, காற்றாட விட்டு, மீட்டரால் பார்த்து, வாயு இல்லை என்று கையெழுத்துப் போடுவாள்.

“நாங்க விக்கிறது உங்க கையெழுத்தும்மா. எள்ளு சும்மா கூடப் போகுது” என்பார் ஏற்றுமதிக் கம்பெனி மேனேஜர்.

பதினான்கு வருடங்களாக இந்த வேலை. வீடு திரும்பியதும் பின்பக்கமே போய்க் குளித்துவிடுவாள். அப்படியும் மடியில் படுக்குமுன் மகள் ஒருமுறை முகர்ந்து பார்ப்பாள். வேலையில் துணைக்கு நாத்தனார். பைகளை இருவரும் எண்ணுவதில்லை, கயிறுகளைத்தான் எண்ணுவார்கள். பத்து உள்ளே போனால் பத்து வெளியே வர வேண்டும்.

அன்று காலை குடோனில், ஆணியில் தொங்கிய கயிறு ஒன்று அவள் கையில் குட்டையாக வந்தது.

“இதுல ஏழு முடிச்சுதான் இருக்கு.”

“அது போன மாசம் அறுந்துச்சுல்ல அண்ணி. மூணு பை இருந்த துண்டைப் பெட்டிக்குள்ள கடைசி மூலையில கொக்கியில மாட்டிட்டேன்.”

“எடுத்தியா?”

“நான் எங்க எடுத்தேன்? நீங்கதானே உருவுனீங்க.”

போன மாதம் பத்துக் கயிறும் வெளியே வந்தன. அவள்தான் எண்ணினாள். வறண்ட வாரம் அது. ஈரம் போதாமல் தூள் முழுதும் வாயுவாகித் தீர்ந்து சாம்பலாகியிருக்காது. கதவை மூடிய பிறகு, கடலில், அந்த மூலையிலிருந்து வாயு கசிந்துகொண்டே போயிருக்கும்.

மேனேஜருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள்.

“அந்தப் பெட்டி நேத்தே அங்க எறங்கிடுச்சும்மா. இன்னிக்குத் திறப்பாங்க.”

“திறக்க வேணாம்னு சொல்லுங்க சார்!”

“சொன்னா வாங்குறவன் சரக்கை அப்படியே திருப்பி விட்டுருவான். உங்க லைசென்ஸும் போயிடும். மூணு பைக்கா இவ்வளவு கூத்து? சாம்பலாத்தான் கெடக்கும். வாயை மூடிட்டு இருங்க.”

போனை வைத்துவிட்டார். நாத்தனார் அழ ஆரம்பித்திருந்தாள். “அவரு சொல்றதைக் கேளுங்க அண்ணி. லைசென்ஸ் போனா ரெண்டு வீடும் என்ன ஆகும்?”

அவள் சரக்குத் தாளை எடுத்தாள். அதில் வெளிநாட்டில் வாங்குபவரின் கிடங்குப் போன் எண் இருந்தது. இரண்டு தடவை தப்பாக அழுத்தினாள். மூன்றாவதில் மணி போயிற்று. யாரோ புரியாத பாஷையில் பேசினார்.

“தமிழ்? தமிழ்?” என்று கத்தினாள்.

போன் கை மாறியது. “யாருங்க, நம்மாளா? சொல்லுங்கக்கா.”

“எள்ளுப் பெட்டியைத் திறந்துட்டாங்களா?”

“இப்பத்தான். ரெண்டு பேரு உள்ள மூட்டை எடுத்துட்டிருக்காங்க.”

“வெளிய வரச் சொல்லுங்க! உள்ள விஷவாயு! நீங்க உள்ள போயிடாதீங்க, வெளிய நின்னே கத்துங்க!”

போன் மரப்பலகையில் விழுந்த சத்தம். தூரத்தில் கூச்சல். ஏதோ வண்டியின் ஹாரன், விடாமல். பிறகு ஒன்றுமே இல்லை. நாத்தனார் அவள் தோளை இறுக்கிப் பிடித்திருந்தாள். உள்ளே இருக்கும் இருவருக்கும் என்ன வயதிருக்கும் என்று ஏன் தோன்றியது என்று தெரியவில்லை. தோன்றியது, போகவில்லை.

மூச்சிரைக்கும் குரல் வந்தது. “வந்துட்டாங்கக்கா. ஒருத்தர் வாந்தியெடுக்கிறாரு. இன்னொருத்தருக்குத் தலை சுத்துதாம். பூண்டு வாடை அடிச்சுதாம், சரக்கு கெட்டுப்போச்சுன்னு நெனச்சு மூக்கைப் பொத்திக்கிட்டு வேலை பாத்திருக்காங்க. ஆம்புலன்ஸ் வருது. என்ன மருந்து?”

மருந்தின் பெயரை நிதானமாகச் சொன்னாள். டாக்டரிடம் அதையே சொல்லச் சொன்னாள்.

“எங்க சூப்பர்வைசர் கேக்குறாரு, மருந்து வச்சது யாருன்னு.”

நாத்தனார் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

“நான்தான். லைசென்ஸ் நம்பர் சொல்றேன், எழுதிக்கச் சொல்லுங்க.”

முதல் எண்ணைச் சொன்னாள்.

“கேக்கலக்கா.”

சத்தமாக மறுபடி சொன்னாள்.