லைட்டு வெட்டுது

காரின் ஹெட்லைட் வெட்டி வெட்டி எரிந்த அந்த ஐப்பசி மாதம் முழுக்க நான் யாரிடமும் நல்லபடியாகப் பேசியதாக நினைவில்லை. ஒரு நொடி சாலை இருக்கும், மறுநொடி இருக்காது. வண்டியை விட்டு இறங்கிய பிறகும் கண் அடங்காது. சாப்பிட உட்கார்ந்தால் வீட்டு டியூப்லைட்டும் துடிக்கிற மாதிரியே தெரியும். பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய் சுவிட்சைத் தட்டிப் பார்ப்பேன்.

"இன்னாமா, அது நல்லா தானே எரியுது?" என்பார் நைனா. எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்.

"எரியுதுன்னு எனக்கும் தெரியும்" என்று அவர்மேல் விழுவேன்.

செங்கல்பட்டில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் எனக்கு வேலை. மதியம் போனால் இருட்டிய பிறகுதான் வெளியே வர முடியும். எங்கள் ஊர் திருக்கழுக்குன்றத்தைத் தாண்டி, மாமல்லபுரம் போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. பஸ் மெயின் ரோட்டோடு சரி. அங்கிருந்து ஏரிக்கரை மேல் தனியாக நடக்க வேண்டும். ஒரு பெண் அந்த வேளையில் அப்படி நடந்து வருவதைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு அபிப்பிராயம் இருந்தது. அத்தனை வாயையும் மூடத்தான் ஒரு பழைய காரை வாங்கினேன். கார் நின்றால் மாலை வேலை நிற்கும். காலை வேலைக்கு ஏற்கெனவே ஆள் இருந்தார்கள். ஆகவே வண்டி போனால் வேலையும் போகும், நான் வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் குடும்பத்துக்கு அதுதான் முதல் கார். நைனாவின் தலைமுறை வரைக்கும் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டுப் பிழைத்தவர்கள். நைனா ஒருவர்தான் எப்படியோ பள்ளிக்கூடத்தில் பியூனாகி, ரிட்டயரும் ஆனார். எங்கள் கிறிஸ்தவ சபையில் மூப்பர் வேறு. வண்டியை விற்றவர் பம்பரில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டி அனுப்பியிருந்தார். நைனா தெருவே பார்க்க பிளேடால் அதை அறுத்து வீசினார். "திருஷ்டி கிருஷ்டி எல்லாம் நம்ம வூட்டுல வேணாம். ஆண்டவர் பாத்துப்பாரு" என்று சொல்லி, பானெட்டின் மேல் கை வைத்து ஜெபம் பண்ணினார். நீளமான ஜெபம். கேக் வெட்டலாம் என்று வந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் கால் மாற்றி கால் மாற்றி நின்றார்கள்.

வண்டியோடு வந்த பல்பு மஞ்சளாக அழுது வடிந்தது. ஏரிக்கரையில் எருமை படுத்திருந்தால் கிட்டே போனால்தான் தெரியும். மாமல்லபுரத்தில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் வெள்ளை எல்இடி மாற்றிக்கொண்டேன். "பகல் மாரி இருக்கும்க்கா" என்றார். உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. சவுக்குத் தோப்பில் ஒவ்வொரு மரமும் தனித்தனியாகத் தெரிந்தது. மழைக்காலம் தொடங்கியதும் இரண்டு விளக்கும் ஒன்றாக வெட்ட ஆரம்பித்தன.

முதல் தடவை போனபோது "பல்பு டூப்ளிகேட்டுக்கா" என்றார் எலக்ட்ரீஷியன்.

"நீதான அண்ணா குடுத்த?"

முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு பல்பு போட்டார். ஏரிக்கரை வரும்முன்பே வெட்டியது. அடுத்த தடவை பல்புக்கும் ஒயருக்கும் நடுவில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டினார். "இத போட்டா கம்முனு எரியும்." அதுவும் கம்மென்று எரியவில்லை. பிறகு பேட்டரி மேல் சந்தேகப்பட்டார், மீட்டர் வைத்தால் பேட்டரி நன்றாக இருந்தது. பிறகு பழைய மஞ்சள் பல்பையே மாட்டினார். அது வெட்டவில்லை.

"பாத்தியாக்கா? எல்இடி தான் பேஜாரு."

ஆனால் அந்த மஞ்சளும் முன்பைவிட மங்கி எரிவது எனக்குத் தெரிந்தது. ஹாரன் அடித்தால் இன்னும் மங்கியது. சொன்னேன். பழசு என்றால் அப்படித்தான் என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவருக்கோ ஒவ்வொரு தடவையும் ஒரு புதுக் கூடம். எல்இடியையே திரும்ப மாட்டச் சொல்லிவிட்டு வந்தேன். வெட்டினாலும் அதில் ஏதோ தெரிந்தது.

பௌர்ணமியன்று திருக்கழுக்குன்றத்தில் மலை சுற்றுகிற கூட்டம். ஊரைத் தாண்டி வெளிச்சம் இல்லாத இடம் வரைக்கும் ஓரமாக ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள். நான் மெதுவாகத்தான் வந்தேன். விளக்கு வெட்டியது. திரும்ப எரிந்தபோது செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பெண்மணி பம்பருக்கு நேராக நின்றார். பிரேக்கை முழுக்க அழுத்திவிட்டேன். அவர் பானெட்டில் ஓங்கி ஒரு அடி வைத்தார்.

"கண்ணு இன்னா பொடனில கீதா ஒனக்கு?"

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. அவர் திட்டிக்கொண்டே போய்விட்டார். நான் வண்டியை ஓரம் கட்டி, கண்ணாடியை இறக்கிவிட்டு, கூட்டம் போகும்வரை உட்கார்ந்திருந்தேன்.

வீட்டில் சும்மா இருந்திருக்கலாம், சொல்லித் தொலைத்தேன். ஒரகடத்தில் கம்பெனி வேலையில் இருக்கும் அண்ணனுக்கு எப்படியோ செய்தி போய், போன் வந்தது. "ஒனக்கு இன்னாத்துக்கு இந்த வேல? ஞாயித்துக்கெழம வரேன். நானே எடுத்துகினு போயி வித்துடறேன்." ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். நைனா ஏதாவது சொல்லுவார் என்று அவர் முகத்தையே பார்த்தேன். வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். இவரும் அண்ணன் பக்கம்தான் என்று முடிவு கட்டினேன். அன்று இரவு தூக்கமே வரவில்லை.

அதற்கப்புறம் நான் வரும் வேளைக்கு அவர் ஏரிக்கரைத் திருப்பத்தில் டார்ச்சோடு நிற்க ஆரம்பித்தார்.

"இன்னாத்துக்கு இங்க வந்து நிக்கிற? பாம்பு கீம்பு கீது."

"காத்து வாங்கிகினு இருந்தேன்மா."

மழைத் தூறலில் என்ன காற்று! வீட்டுக்கு வந்ததும் வண்டிக்கு முன்னால் குனிந்து எதையோ பார்ப்பார். விளக்கைத்தான் பார்க்கிறார் என்று நினைத்தேன், அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை காலை மறுபடியும் மாமல்லபுரம். இன்று சரியாகாவிட்டால் நாளை அண்ணன் வந்து சாவியைக் கேட்பான். எலக்ட்ரீஷியன் வண்டியை ஷெட்டுக்குள் விட்டு, சுவர் மேல் வெளிச்சம் விழும்படி நிறுத்தினார். சுவரில் வெளிச்சம் குதித்தது. வேறு கம்பெனி பல்பு போடலாம் என்று அவர் ஆரம்பித்ததும் எனக்குப் பொறுமை போய்விட்டது. எங்கள் லேபில் மெஷின் கன்னாபின்னாவென்று நம்பர் காட்டினால் சர்வீஸ்காரர் முதலில் எர்த்தைத்தான் பார்ப்பார்.

"எர்த்த பாத்தியா அண்ணா?"

"அது கம்பெனி எர்த்துக்கா, போவாது."

"போவாதுன்னா பாக்கறதுல இன்னா நஷ்டம்? ரெண்டு பல்பும் ஒண்ணா எப்டி கெட்டுப் போவும்?"

முணுமுணுத்துக்கொண்டே ஒரு ஒயரை எடுத்து, விளக்கின் கறுப்பு ஒயரிலிருந்து நேராக பேட்டரியின் மைனஸில் தொட்டார். சுவரில் வெளிச்சம் அப்படியே நின்றது. ஒயரை எடுத்தார், குதித்தது. தொட்டார், நின்றது. அவர் கையிலிருந்து ஒயரைப் பிடுங்கி நானும் தொட்டுப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவரும் சிரித்துவிட்டார்.

முன்பக்கத்து கிரில்லைக் கழற்றினோம். இரண்டு விளக்கின் கறுப்பு ஒயரும் ஹாரனின் ஒயரும் சேர்ந்து பாடியில் முறுக்கியிருக்கும் எர்த் போல்ட் இடது பக்கம் இருந்தது. அதன் மேல் பச்சையும் வெள்ளையுமாகப் பொருக்குத் தட்டி, தொட்டால் உதிர்ந்தது.

"உப்புக் காத்துக்கா. கடலோரம் எல்லா வண்டிக்கும் இதே கததான்."

வலது பக்கம் அதே மாதிரி இன்னொரு போல்ட் பளிச்சென்று இருந்தது. உப்புக் காற்று ஒரு பக்கம் மட்டுமா அடிக்கும்? கையை உள்ளே விட்டு மேலே துழாவினேன். ஈரமாக ஏதோ தட்டுப்பட்டது. போல்ட்டுக்கு நேர் மேலே, இரும்புப் பட்டையில் கறுப்புக் கயிறு போட்டு, இரண்டு சின்னத் துணி முடிச்சுகள் தொங்கின. ஒன்றில் கல் கரைந்து துணி மட்டும் மிச்சம். இன்னொன்றில் புதிதாக, பெரிதாக, ஒரு படிகாரக் கட்டி.

கண் பட்டுவிடக் கூடாது என்று கடை வாசலில், வீட்டு நிலையில் படிகாரம் தொங்கவிடுவது இந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் அது மழைத் தண்ணீரில் கரைந்தால் அந்தத் தண்ணீர் புளிப்பேறி இரும்பையும் செம்பையும் அரித்துவிடும். மழை பெய்யப் பெய்ய அந்தத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக எர்த் போல்ட்டின் மேலேயே இறங்கியிருக்கிறது.

"நாங்கல்லாம் வெளியில தெரியற மாரி கட்டுவோம். எவன்க்கா இத உள்ள ஒளிச்சி கட்னது?" என்றார் எலக்ட்ரீஷியன்.

விற்றவராக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு துணியைப் பார்த்தேன். ஊதாக் கட்டம் போட்டது. நைனா கிழிந்துவிட்டது என்று ஒதுக்கி வைத்த லுங்கி. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். ஆனால் சிரிக்க முடியவில்லை. யாருக்கும் தெரியாமல் இதைக் கட்ட அவர் எத்தனை நாள் யோசித்திருப்பார். எலக்ட்ரீஷியன் போல்ட்டைச் சுரண்டி, ஒயர் முனை மாற்றி, கிரீஸ் தடவி முறுக்கினார். முடிச்சுகளை நான் எடுத்துக்கொண்டேன்.

அன்று ராத்திரி வேலை முடிந்து செங்கல்பட்டிலிருந்து ஏரிக்கரை வரை விளக்கு ஒரு தடவைகூட இமைக்கவில்லை. திருப்பத்தில் நைனா கண் கூசாமல் கையால் மறைத்துக்கொண்டு நின்றார். வண்டியில் ஏறினார்.

"சரியாய்டிச்சா? இன்னாவாம்?"

முடிச்சுகளை எடுத்து அவர் மடியில் வைத்தேன். எது எதை அரித்தது என்று சொன்னேன். தலையைக் குனிந்தபடி துணியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அப்போ என்னால தானா?"

"ஆமா, உன்னாலதான்."

"சபையில யாருக்கும் சொல்லிடாதமா."

அடக்க முடியாமல் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. என் போனை வாங்கி அண்ணனைக் கூப்பிட்டார். "லைட்டு சரியாய்டிச்சி. நாளைக்கு நீ வரவேணாம். வண்டி வூட்டுலதான் இருக்கும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

எனக்கு மறுபடியும் கோபம் வந்தது. "இத அன்னிக்கே அவங்கிட்ட சொல்றதுக்கு இன்னா? நீயும் விக்கத்தான் நெனைக்கிறன்னு எனக்குத் தூக்கமே இல்ல. பயமா இருந்தா என்கிட்ட ஒரு வார்த்த சொல்றதுதானே நைனா?"

அவர் வெளியே, விளக்கு விழுந்திருந்த கரையைப் பார்த்தார்.

"சொன்னா நீ எனக்கோசரம் நிறுத்திடுவ" என்றார். "நீ வந்து சேர்ற வரைக்கும் பயமாதான் கீது. லைட்டு நல்லா எரிஞ்சாலும் இருக்கும். நீ ஓட்டு."