ஒற்றைப்படைக் குளியல்

எர்மெலிண்டாவுக்கு வயது முப்பத்தாறுதான். முழங்காலுக்கு மட்டும் எழுபது. கடற்கரை ஓட்டல் ஒன்றில் பதினோரு வருடமாகக் குளியலறைத் தரை தேய்க்கிறாள். மண்டி போட்டுத் தேய்த்தால்தான் மேற்பார்வை பார்க்கும் இவெட்டுக்குத் திருப்தி. புருஷன் கப்பலில் சமையல்காரன். வருஷத்தில் இரண்டு மாதம் வீட்டில் இருப்பான், மீதி நாளெல்லாம் போனில் வெறும் குரல்தான். மே மாதக் கடல் குளியல் போட்டுப் பார் என்று அந்தக் குரல்தான் சொன்னது.

கோவாவில் மூட்டு வலிக்கு அதுதான் கைவைத்தியம். மழைக்கு முன்னால் நாளுக்கு ஒரு குளியல். ஐந்தோ ஏழோ ஒன்பதோ, ஒற்றைப்படையில் முடிய வேண்டும். இரட்டைப்படையில் நிறுத்தினால் போன வலி திரும்பி வந்துவிடும். இதை நம்பாதவர்கள்கூட எண்ணாமல் விடுவதில்லை.

கெஞ்சிக் கூத்தாடி ஏழு நாள் லீவு வாங்கினாள். மாடிப்படி ஏற முடியாதவளை ஓட்டல் எத்தனை நாள் வைத்துக்கொள்ளும்?

பிள்ளைகளை விட்டுப் போக ஆள் இல்லை. முதல் நாள் ஆறு வயது எல்வினோவையும் மூன்று வயது ஸெலியாவையும் இழுத்துக்கொண்டு, தெரிந்த இடம் என்று ஓட்டல் பக்கத்துக் கடற்கரைக்கே போனாள். மோட்டார் படகு இரைச்சல், காலை பத்து மணிக்கே பீர் பாட்டிலோடு ஆட்டம். எல்வினோ கையை உதறிக்கொண்டு அலைக்குள் ஓடினான். ஸெலியாவைப் பக்கத்திலிருந்த பெண்ணிடம் தள்ளிவிட்டுத் துரத்திப் போனவளை அலை புரட்டிப் போட்டது. எழுந்து அவன் முதுகில் பலமாக ஒன்று வைத்தாள். மூன்று பேரும் அழுதுகொண்டே வீடு வந்தார்கள். அதையெல்லாம் குளியல் என்று அவள் எண்ணவில்லை.

இரண்டாம் நாள் எழுந்திருக்கவே முடியவில்லை. மூன்றாம் நாள் வேறொரு கடற்கரைக்குப் பஸ் ஏறியவள், ஸெலியாவை மடியில் போட்டபடி தூங்கிவிட்டாள். கடைசி நிறுத்தத்தில் கண்டக்டர் எழுப்பினார். அடுத்த பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகுமாம். தன்னையே திட்டிக்கொண்டு, நிழல் தேடிச் சவுக்குத் தோப்புக்குள் நடந்தாள். தோப்பு முடிந்த இடத்தில் கடல் இருந்தது.

சாதுவான கடல். தூரத்து மணல் திட்டு அலையையெல்லாம் வாங்கிக்கொள்ள, கரையோரம் ஸெலியாவின் முழங்கால் அளவுதான் தண்ணீர். பிள்ளைகளை இறக்கலாமா என்று, சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டாள்.

“எங்க பிள்ளைங்க எல்லாம் இதுலதான் தவழ்ந்துச்சு. நான் பாத்துக்கிறேன், நீ போய்ப் படு. மூஞ்சியப் பாத்தா தூங்கி ஒரு மாசம் ஆன மாதிரி இருக்கு.”

பழைய கவுனோடு தண்ணீரில் படுத்தாள். பிள்ளைகள் பக்கத்தில் சிப்பி ஓடுகளை அடுக்கி வீடு கட்டினார்கள். அரை மணி நேரம் யாரும் அவளை எதற்கும் கூப்பிடவில்லை. அவளுக்கு அழுகை வந்தது. அழுதாள்.

அடுத்த மூன்று நாளும் அங்கேயே போனார்கள். ஆறாம் நாள், நான்காவது குளியல் முடித்துக் கரையேறும்போது போன் அடித்தது. கல்யாண கோஷ்டி வருகிறது, இரண்டு பேர் வேலைக்கு வரவில்லை, நாளைக் காலை வந்துவிடு என்றாள் இவெட். ஒரே ஒரு நாள் என்று இவள் இழுத்தாள். முடியாது என்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று இவெட் போனை வைத்துவிட்டாள்.

எர்மெலிண்டா அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஏன் மாய் உம்முனு இருக்க?” என்று எல்வினோ அம்மாவின் கையைப் பிடித்தான்.

“நாலுல நின்னு போச்சுடா. இதுக்கு வராமலே இருந்திருக்கலாம்.”

அவன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். பிறகு கொஞ்சம் பயந்துகொண்டே சொன்னான்.

“அன்னிக்கு என்னப் பிடிக்க வந்து விழுந்தியே மாய். தலையெல்லாம் நனைஞ்சு, உப்புத் தண்ணியத் துப்புனியே. அதுவும் கடல்தான?”

அவள் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள், அன்று அடித்த இடத்தில்.

மறுநாள் காலை இருநூற்றாறாம் அறைக் குளியலறையில் வலது முழங்காலை ஊன்றினாள். வலித்தது. ஐந்து என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே இடது முழங்காலையும் ஊன்றினாள்.