ஆளில்லாத கதிரை

எங்கள் பயிற்சி அறைக் கணினியில் ஒரு படம் கிடக்கிறது. வெள்ளைச் சுவர், நீலப் பிளாஸ்டிக் கதிரை, வேறொன்றுமில்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் பிழையாய் எடுபட்ட படம் என்று அழிக்கப் பார்ப்பார்கள், நான் விடமாட்டேன். அதை எடுத்தவர் எங்கள் கணினி மாஸ்டர். துறைமுகத்துக்குப் பக்கத்தில், பாரிசவாதம் வந்து கைகால் வழங்காமல் போனவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் சிறிய நிலையம் எங்களுடையது. நோயாளிகள் சலித்துப்போகிறார்கள் என்று நான் புலம்பியதைக் கேட்டுத்தான் மாஸ்டர் அந்த விளையாட்டைச் செய்து தந்தார். கமராவுக்கு முன் கதிரையில் இருந்தால் தொலைக்காட்சியில் நம்மையே காணலாம். சுற்றிவர மீன்கள் நீந்தும். கை பட்ட மீன் கூடைக்குள் விழும்.

எல்லாருக்கும் விழுந்தது, இறக்கக்கண்டி ஊரிலிருந்து வரும் ஐயாவுக்கு மட்டும் விழவில்லை. தூண்டில் போட்டே சீவித்தவர். இடது கை வழங்காமல் போய் மாதக்கணக்காகியிருந்தது. அன்றுதான் முதன்முதலாக அதைத் தோள் உயரத்துக்குத் தூக்கினார். தூக்கி, மீன் தானாக வரட்டும் என்று ஆடாமல் அசையாமல் பிடித்திருந்தார். மீனோ அவருடைய கையை ஊடறுத்துக்கொண்டு போனது. அடுத்ததும் அப்படியே. கை மெல்ல மடிக்கு இறங்கியது.

"செத்த கை எண்டு மீனுக்கும் தெரிஞ்சிட்டுது, பிள்ளை. நாளைக்கு நான் வரமாட்டன்," என்றார்.

கையை ஆட்டிப் பிடிக்கச் சொல்லுவோமா என்று மாஸ்டரைக் கேட்டேன். தன் விளையாட்டில் பிழை என்றால் மாஸ்டருக்குச் சோறு இறங்காது.

"அவர் சரியாத்தான் பிடிக்கிறார். என்ர கமராவுக்குத்தான் சும்மா நிக்கிற கையைத் தெரியேல்லை."

ஒவ்வொரு படத்தையும் முந்தியதோடு ஒப்பிட்டு, மாறிய இடத்தையே அது கை என்று எடுத்ததாம். அசையாத கையும் சுவரும் அதற்கு ஒன்றுதான். ஐயாவைக் கெஞ்சி ஓரத்து வாங்கில் இருத்தி, குடிக்கப் பிளேன்ரீ கொடுத்தோம். வெறுங் கதிரையை மாஸ்டர் ஒரு படம் எடுத்து, இனி அதோடுதான் ஒப்பிட வேண்டும் என்று மாற்றி எழுதினார். அந்தப் படத்தில் இல்லாதது எதுவென்றாலும், ஆடாத கைகூட, இனிக் கமராவுக்குத் தெரியுமாம். ஐயா திரும்ப வந்திருந்து கையைத் தூக்கினார். மீன் வந்தது, பட்டது, விழுந்தது. போதும், கையை இறக்குங்கோ என்றேன்.

"பொறுங்கோ பிள்ளை, பின்னால பெரிசு வருது."

மாஸ்டர் சிரிக்கவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அப்படியொருவரோடு வேலை செய்ததில் எனக்கு இன்றும் பெருமைதான்.

இப்போது அவர் வெளிநாட்டில். புதுக் கமரா விரல் மூட்டைக்கூடக் கண்டுபிடிக்கிறது. அந்தப் படம் யாருக்கும் தேவையில்லை. போன கிழமை ஐயா வந்தார், இடது கையில் ஒரு பாரை மீன். மாஸ்டர் போய்விட்டது அவருக்குத் தெரியும். என்றாலும் மாஸ்டர் இல்லையோ என்று கேட்டார். பிறகு மாஸ்டருக்கென்று கொண்டுவந்த மீனை என்னிடம் தராமல், அந்த நீலக் கதிரையைப் பார்த்தபடி நின்றார்.