மிளகாய்க்குப் பிறகு அரைத்த பூ

அக்காவின் முகத்தை வெளுப்பாக்க வேண்டும் என்று வீட்டில் முடிவெடுத்தபோது எனக்கு ஒன்பது வயது. அவள் முகத்தில் ஒரு குறையும் இல்லை. கறுப்பு, அவ்வளவுதான். நானும் கறுப்புத்தான். ஆனால் என்னைப் பெண் பார்க்கச் சுவிஸ் நாட்டிலிருந்து எவனும் வரவில்லை.

அக்கா உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். கலியாணம் வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னாள், அப்பாவிடம் சொன்னாள். சுவரிடம் சொல்லியிருக்கலாம்.

சித்தி கைபேசியில் பார்த்து, ஆவாரம்பூவும் செவ்வரத்தம்பூவும் ரோசா இதழும் சேர்த்து முற்றத்தில் சாக்கு விரித்துக் காயவைத்தார். "கடைக் கிறீமெல்லாம் நஞ்சு. இது பூ. பூ என்ன செய்யப்போகுது?" என்று வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்தார்.

மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு முதல்நாள், பூவை அரைத்துவர அக்காவை மில்லுக்கு அனுப்பினார்கள். நான் சைக்கிளின் பின்னால் பையோடு இருந்தேன். எங்களுக்கு முன் யாரோ வறுத்த மிளகாய் அரைத்துக்கொண்டு போயிருந்தார்கள். எனக்குத் தும்மல் அடங்கவில்லை. மிளகாய்க்குப் பிறகு ஒரு பிடி அரிசியை ஓட்டிக் காரத்தை எடுத்த பிறகுதான் வேறு எதையும் அரைப்பார்கள். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விசயம். மில்கார அண்ணை அரிசியை அள்ளினார்.

"வேண்டாம் அண்ணை. அப்பிடியே போடுங்கோ."

"முகத்துக்குப் பூசிற பூவெல்லே பிள்ளை? எரிஞ்சு போடும்."

"அரிசி கலக்கக் கூடாதெண்டு சித்தி சொன்னவா. போடுங்கோ."

சித்தி அப்படிச் சொல்லவே இல்லை. அக்காவுக்கு ஏதோ மாறிப்போச்சு என்று நினைத்தேன். மில்கார அண்ணை தலையைச் சொறிந்துகொண்டே போட்டார்.

தூள் செம்மஞ்சளாக வந்தது. "பாருங்கோ, ரோசாப்பூவின்ர நிறம்!" என்று சித்தி துள்ளினார். தடிமன் பிடித்து அடைத்திருந்த அவர் மூக்குக்கு மிளகாய் மணமும் தெரியவில்லை. தயிரில் குழைத்துக் கரண்டியால் பூசினார். அக்கா கதிரையில் அசையாமல் இருந்தாள். கண்ணீர் ஓடியது.

"பூ ஊத்தையை இழுக்குது. கொஞ்சம் பொறு" என்றார் சித்தி.

கழுவியதும் அம்மா போட்ட கத்தலில் அயல் முழுக்க வந்துவிட்டது. அது அக்காவின் முகமே இல்லை. வீங்கிச் சிவந்த சதை. கண்கள் இருந்த இடத்தில் இரண்டு கோடுகள். நான் முற்றத்திலேயே வாந்தி எடுத்தேன்.

அம்மா முதலில் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போன் எடுத்தார். பிறகு சித்தியைத் திட்டினார். சித்தி பூவைத் திட்டினார். அப்பா மில்காரரை வெட்டுவேன் என்று கத்தினார். ஒருவராவது அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் ஈரத்துணியை அவள் முகத்தில் வைத்தேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வரவேண்டாமெண்டு அவையளுக்குச் சொல்லியாச்சோ?"

"ஓம்."

அக்கா சிரித்தாள். உதடு வெடித்து இரத்தம் வந்தது. அப்போதும் சிரித்தாள்.

எரிவில் அவளுக்கு மூளை குழம்பிவிட்டது என்று எனக்கு விளங்கிவிட்டது. சாமி அறைக்கு ஓடிப்போய், அக்காவுக்குப் புத்தி திரும்ப வேண்டும் என்று அழுதழுது கும்பிட்டேன்.