பந்தியை விட்டு எழுந்தவர்

என் பெரியப்பா கொலை செய்தவர். நெல் கதிர் பிடிக்கிற நேரம். பாகூர் ஏரித் தண்ணீர் அன்று எங்கள் முறை. பக்கத்து நிலத்துக்காரர் மடையை அடைத்துத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பேச்சு முற்றி, பெரியப்பா கையிலிருந்த மண்வெட்டியை ஓங்கிவிட்டார். அந்த மனிதர் வரப்பிலேயே செத்துப்போனார். பெரியப்பா ஜெயிலுக்குப் போனார். அன்றோடு அப்பா தன் அண்ணனைத் தலைமுழுகிவிட்டார்.

பெரியப்பா உள்ளே இருந்தபோதுதான் எனக்கு வில்லியனூரில் கல்யாணம் ஆனது. மாமனார் சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். சைகோன் பக்கம் சண்டை போட்டவர். அப்படியொரு சம்பந்தி கிடைத்ததில் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "எங்க சம்பந்தி ஒரு ஊரையே கொளுத்தனவரு, தெரியுமா?" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார், ஏதோ அவர் ஊருக்குக் குளம் வெட்டியதுபோல. அப்பா கேட்டால் மாமனாரும் கதையைச் சொல்வார். மேலிடத்து உத்தரவு, கூரை வீடுகள், காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பது வரைக்கும் வரும். உள்ளே ஆட்கள் இருந்தார்களா என்று அப்பா ஒருநாளும் கேட்டதில்லை.

என் பையனுக்குக் காது குத்தும்போது பெரியப்பா விடுதலையாகி வந்திருந்தார். சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கித் திரிந்தவர். அவர் இல்லாமல் என் பிள்ளைக்கு என்ன விசேஷம்? அப்பாவிடம் சொன்னால் காரியம் கெட்டுவிடும் என்று மாமனாரிடம் கேட்டேன்.

"உன் பெரியப்பாதானம்மா, வரட்டும்" என்றார்.

பந்தியில் மாமனார் நடுவில் உட்கார்ந்தார். ஒரு பக்கம் அப்பா. இன்னொரு பக்கம், தயங்கி நின்ற பெரியப்பாவைக் கைப்பிடித்து அவரே உட்காரவைத்தார். நான் சாம்பார் ஊற்றிக்கொண்டு வந்தேன். இலையிலேயே கண்ணாக இருந்த அப்பா அப்போதுதான் நிமிர்ந்து தன் அண்ணனைப் பார்த்தார். எடுத்த கவளத்தை இலையில் உதறினார்.

"கொலகாரன்கூட ஒரே பந்தியில நான் சாப்புட மாட்டேன்."

"அப்போ எம் பக்கத்துல மட்டும் எப்படி உக்காந்தீங்க, சம்பந்தி?" என்றார் மாமனார். "இவரு கொன்னது ஒரு ஆளு. நான் கொளுத்தன வூட்டுங்களுக்குள்ள எத்தினி பேரு இருந்தாங்கன்னு எனக்கே தெரியாது."

"அது யுத்தம். கவர்மெண்டு சொல்லி செஞ்சது. நீங்களும் இவனும் ஒண்ணா?"

"ஒண்ணுதான்."

மாமனாரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல் இருந்தது எனக்கு. ஆனால் பெரியப்பா இலையை மூடினார்.

"இல்ல சம்பந்தி, ஒண்ணு இல்ல. நான் கொன்னவன் பேரு எனக்குத் தெரியும். அவன் பொண்டாட்டிய தெனமும் வாய்க்காங்கரையில பாக்கறேன். உங்களுக்கு அது இல்ல. நீங்க சாப்புடுங்க."

கையைக் கழுவிக்கொண்டு நடந்துவிட்டார். வாசல் வரை பின்னாலேயே ஓடினேன். நிற்கவில்லை.

திரும்பி வந்தபோது மாமனார் சோற்றில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். ஒரு வாய்கூட உள்ளே போகவில்லை. அப்பா ரசம் வரை வந்துவிட்டார். என்னை நிமிர்ந்து பார்த்து, "பாயசம் எங்கம்மா?" என்றார்.

பெற்ற அப்பா என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. பாயச வாளியை அவர் கண்ணெதிரிலேயே உள்ளே தூக்கிக்கொண்டு போனேன்.