அவரைப் பந்தலும் ஒரு பொய்யும்

தோளில் ஈரத்துண்டோடு அனந்தகிருஷ்ணன் மொட்டைமாடி அவரைப் பந்தலுக்கு முன்னால் நிற்கிறார். எட்டேகால் ரயில் கல்கத்தாவின் டாக்குரியா ஸ்டேஷனுக்குள் நுழையும் சத்தம் கேட்டும் அசையவில்லை. கட்டைவிரல் நகமளவு நீல வண்ணத்துப்பூச்சி ஒன்று மொட்டில் முட்டையிட்டுக்கொண்டிருக்கிறது. அது முடிந்தால்தான் ஆபீஸ்.

கப்பல் கம்பெனியில் ஹெட்கிளார்க். காலேஜ் தெருப் பழைய புத்தகக் கடையில் ஐரோப்பிய வண்ணத்துப்பூச்சிகள் பற்றி ஒரு புத்தகம் வாங்கினார். இறக்கை ஓரத்தில் மயிரிழை வாலும் இரண்டு கரும்பொட்டும் உள்ள இதே பூச்சி அதில் இருந்தது. அன்றிலிருந்து மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

"பிரான்ஸ்ல பட்டாணிக் கொடி, இங்கே நம்மாத்து அவரை. பாஸ்போர்ட் யார் கேக்கறா?" என்பார். இவ்வளவு சின்ன விஷயத்தில் இத்தனை சந்தோஷப்பட முடிகிறதே என்று, அடுத்த வீட்டுக்காரனான எனக்குப் பொறாமைகூட உண்டு.

புழு காய்க்குள் இருந்து விதையைத் தின்று வளர்வதால் யாரையும் பறிக்க விடமாட்டார். வீட்டில் பந்தல் போட்டுவிட்டு லேக் மார்க்கெட்டில் அவரை வாங்குகிறவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான். "புழுவுக்கு அன்னதானம் பண்றார்" என்று மனைவி மீனாக்ஷி சொல்லிச் சிரிப்பாள்.

போன டிசம்பரில் வீட்டுக்காரர் லாஹிரி பாபு வந்து, சுவரில் ஓதம் ஏறுகிறது, மேஸ்திரி வருகிறான், கொடியை வெட்டிவிடுங்கள் என்றார். 1958-இல் குடிவந்ததிலிருந்து ஒரு குழாய் ரிப்பேர்கூடக் கேட்டறியாத அனந்தகிருஷ்ணன், பாவம், வாயில் வந்த பொய்யைச் சொன்னார். பொங்கலன்று வீட்டில் காய்த்த அவரையைத்தான் சூரியனுக்குப் படைக்க வேண்டும், அது எங்கள் குலவழக்கம் என்று. சாமி விஷயம் என்றதும் லாஹிரி பாபு அடங்கிவிட்டார். அதற்குள் எல்லாம் பறந்துவிடும் என்று இவருக்கு நினைப்பு. ஆனால் பூக்களும் ஓயவில்லை, முட்டைகளும் ஓயவில்லை.

பொங்கல் காலையில், அந்த வழக்கத்தைப் பார்க்க லாஹிரி பாபு பட்டு வேட்டியில் மாடியேறி வந்துவிட்டார். பறியுங்கள் என்றார் ஆவலாக. அனந்தகிருஷ்ணன் ஒரு காயைப் பறித்தார். காம்பை இழுத்ததில் அது பிளந்துகொண்டது. உள்ளே பச்சைப் புழு. இதையா படைப்பீர்கள் என்று லாஹிரி பாபு கேட்டார்.

அனந்தகிருஷ்ணன் வங்காள மொழியில் மெதுவாகச் சொன்னார்: "வழக்கம் ஒண்ணும் இல்லே, லாஹிரி பாபு. இதுக்காகத்தான் பொய் சொன்னேன். பதினஞ்சு நாள் விட்டா பறந்துடும்."

பிறகு பதிலுக்குக் காத்திராமல், பூஜைக்கு வைத்திருந்த பூச்சரத்திலிருந்து வாழைநாரை உருவி, பிளந்த காயை மூடிக் கொடியோடு சேர்த்துக் கட்டினார். முடிச்சு நழுவியது. லாஹிரி பாபு குனிந்து, தன் விரலை அதன்மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.