சக்கரமில்லாமல் நின்ற வண்டி

உதியன்குளங்கரைக்கும் பெருங்கடவிளைக்கும் இடையில் உள்ள பூனைகளுக்கெல்லாம் என் அப்பாவைத் தெரியும். மனிதர்களுக்கும் தெரியும்தான், ஆனால் முதலில் வாசலுக்கு வருவது பூனைகள். அப்பா மோட்டார் சைக்கிளின் பின்னால் மீன்பெட்டியைக் கட்டிக்கொண்டு பூவாறு கடற்கரைக்குப் போய், சாளையும் அயிலையும் எடுத்துவந்து வீடு வீடாக விற்பார். ஒவ்வொரு வளைவிலும் ஹார்னை மூன்று முறை அழுத்துவார். மூன்றாவது சத்தத்துக்குள் மதில்மேல் இரண்டு பூனையாவது வந்து நிற்கும். அந்த ஹார்னுக்குச் சொந்தக்காரரின் மகள் என்பதால் எனக்கு ஊரில் தனி மரியாதை இருப்பதாக நானே நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு எட்டு வயது.

பள்ளி அடைத்திருந்த ஒரு மே மாதத்தில் அப்பா கடற்கரையில் விழுந்துவிட்டார். ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து, கைகால் வெட்டி இழுத்து, வாயில் நுரை தள்ளியதாம். திருவனந்தபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் கிடந்தார். எனக்குச் சொல்லப்பட்டது தலைசுற்றல் என்று. தலைசுற்றலுக்கு இத்தனை மாத்திரையா என்று நான் கேட்கவில்லை. ஆரஞ்சு வாங்கிவந்தவர்கள் அதிகம் இருந்ததால் எனக்கு வேறு கவனம்.

வீடு திரும்பிய நாளிலிருந்து சண்டை. அப்பா வண்டி எடுக்கக் கூடாது என்றார் அம்மா.

"றோட்டுல வச்சு வந்தா என்ன செய்வீங்க? பின்னால பஸ்ஸு வந்தா?"

"வண்டி எடுக்காம இருந்தா மீனு தன்னால நடந்தா வரும்?" என்றார் அப்பா.

அம்மா சாவியை மல்லிப்பொடி டின்னுக்குள் ஒளித்துவைத்தார். ஒளித்த இடம் எனக்குத் தெரியும், அப்பாவுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் அவர் டின்னைத் தொடவில்லை. மூன்றாம் நாள் விடியும்முன் வண்டிச் சத்தம் கேட்டு எழுந்துபோய்ப் பார்த்தேன். அப்பா இரண்டு ஒயரை முறுக்கி வண்டியைக் கிளப்பியிருந்தார். அம்மா வாசலில், முன்சக்கரத்தைக் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு, ஹெட்லைட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார். கொஞ்ச நேரம் எஞ்சின் மட்டும் பேசியது. பிறகு அப்பா அதை நிறுத்திவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவே அறிவித்தார். "ரெண்டு சக்கரமும் கழத்தணும். ரிம்மு துருப்பிடிச்சுக் கெடக்கு."

அது பொய்யில்லை. பெட்டியிலிருந்து சொட்டும் உப்புத்தண்ணீர் ரிம்மைத் தின்றிருந்தது. எனக்கோ ஏகக் குஷி. பள்ளி திறக்கும்முன் ஆறு கடலில் சேரும் இடத்தைக் காட்ட என்னை வண்டியில் கூட்டிப்போவதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். அந்தப் பயணத்துக்காகத்தான் புது ரிம் என்று நானே முடிவுசெய்தேன். இத்தனை நாள் வண்டியோடு மல்லுக்கு நின்ற அம்மா, கட்டன் சாயாவும் அவித்த மரச்சீனிக் கிழங்கும் கொண்டுவந்து வைத்து வேலைக்கு ஒத்தாசை செய்ததுதான் விநோதமாக இருந்தது.

உதவிக்கு வந்தவர் பெரியப்பா. அவர் வெட்டிய மரத்தடிகளை ஏற்றும் தொழிலாளி. ஆளுயரப் பருமனுள்ள தடியையும் கயிறு போட்டு லாரியில் ஏற்றிவிடுவார். அதனால் உலகத்தில் உள்ள எந்தப் பொருளையும் முதலில் மரத்தில் கட்டித் தூக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

"ஸ்டாண்டு என்னத்துக்குலே? நாலு தடியத் தூக்குக கயிறாக்கும் இது" என்று சொல்லி, முற்றத்துப் பலாமரத்தின் தாழ்ந்த கிளையில் கயிற்றைப் போட்டார். ஹேண்டிலுக்குக் கீழே ஒரு கட்டு, சீட்டுக்குப் பின்னால் ஒரு கட்டு. இழுத்ததும் வண்டி தரையைவிட்டு எழும்பியது. மீன்வண்டி ஆகாயத்தில் நிற்பதைப் பார்க்க அண்டைவீட்டார் மதிலோரம் கூடிவிட்டார்கள். பெரியப்பா மூக்கைத் துடைத்துக்கொண்டு எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார்.

தொங்குகிற வண்டியில் நட்டைத் திருகினால் நட்டு திரும்பாது, வண்டிதான் திரும்பும். அப்பா ஸ்பானரை ஒரு அழுத்து அழுத்தினார். வண்டி அவரை விட்டு விலகிப் போய், திரும்பி வந்து முழங்காலில் இடித்தது. இன்னும் பலமாக அழுத்தினார். வண்டி ஊஞ்சலாடியது, கிளையும் சேர்ந்து ஆடியது. அந்தக் கிளையில்தான் வருடத்தின் நல்ல பலாச்சக்கைகள் தொங்கிக்கொண்டிருந்தன என்பதைத் தடியாகவே மரத்தைப் பார்த்துப் பழகிய பெரியப்பா கவனிக்கவில்லை. பெரிய ஸ்பானர் எடுக்க அப்பா இரண்டடி தள்ளிப் போனார். தொம்மென்று ஒரு சக்கை வந்து பெட்ரோல் டாங்கின்மேல் விழுந்து, உருண்டு, அப்பா குந்தியிருந்த இடத்தில் போய் நின்றது.

"அய்யோ, சதிச்சல்லோ!" என்று கத்தினார் பெரியப்பா. அதிர்ச்சி வந்தால் அவருக்கு மலையாளம்தான் வரும்.

மதிலோரத்தில் சிரிப்பு. நானும் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. சக்கையையும் அப்பாவையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டார். டாங்கில் ஒரு குழி விழுந்திருந்தது. சக்கையை நாங்கள் இரண்டு நாள் தின்றோம்.

பிறகு அப்பா, "அண்ணே, போதும். நான் செய்யியேன்" என்றார். வண்டியை இறக்கி, வீட்டை ஒட்டிய சாய்ப்புக்குள் தள்ளிப்போய், சிமெண்டுத் தரையில் சென்டர் ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார். பெட்ரோல் குழாயை அடைத்தார். சக்கரங்கள் இருக்கும்போதே நட்டுகளை இளக்கிவைத்தார். பெரியப்பா அடியில் முட்டுக் கொடுக்க வெட்டுகல் கொண்டுவந்தார். அப்பா அதை நகத்தால் சுரண்டிக் காட்டினார். கோடைமழையில் ஊறிய கல், மாவு மாதிரி உதிர்ந்தது. அயனி மரத் தடியில் துண்டுகள் அறுக்கச் சொன்னார். ஒன்றை எஞ்சினுக்குக் கீழே உள்ள சட்டத்துக்கு, சைலன்சரில் இடிக்காமல் முட்டுக் கொடுத்தார். இன்னொன்றைப் பின்பக்கச் சட்டத்துக்கு. இடைவெளியில் ஆப்பு. அப்புறம் கயிறு எடுத்து, இரண்டு பக்கத் தூணிலும் கட்டினார்.

"இப்பம் நீயும் கயிறுதானலே கெட்டுக?" என்றார் பெரியப்பா.

"இது தூக்கதுக்கு இல்ல அண்ணே. சாயாம பிடிக்கதுக்காக்கும்."

முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டு வண்டியை ஆட்டிப்பார்த்தார். பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு மறுபடி ஆட்டிப்பார்த்தார். அதோடு விடவில்லை. தடித்துண்டுகளைக் குறுக்குப் பலகை வைத்து ஆணியடித்து இணைத்தார். பழைய எஞ்சின் ஆயிலைத் துணியில் நனைத்துத் தடிக்குப் பூசினார். கறையான், எங்கள் ஊர்ச் செதல், அரிக்காமல் இருக்கவாம். செயினுக்குக் கிரீஸ் அப்பிச் சாக்கால் சுற்றினார்.

"நாளைக்குச் சக்கரம் வந்துருமே, அதுக்குள்ள செதல் வருமாப்பா?" என்று கேட்டேன்.

"வந்தாலோ மக்கா?" என்றார்.

நான் சரிதான் என்று தலையாட்டினேன். பெரியப்பா சக்கரங்களைத் தோளுக்கு ஒன்றாக மாட்டிக்கொண்டு, ரிம் மாற்றக் கொடுப்பதாகச் சொல்லிக் கிளம்பினார். படி இறங்கும்போது அவர் முகத்தைத் துடைத்தார். வியர்வை என்று நினைத்தேன். அப்பா, "கேட்டாலும் தராத அண்ணே" என்றார். யார் கேட்டால் என்று அவர் சொல்லவில்லை. பழைய இரும்பு எடுக்க வருகிறவனைத்தான் சொல்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

சக்கரங்கள் மறுநாள் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. அப்பாவும் அம்மாவும் பஸ்ஸில் போய் மீன் எடுத்து, உதியன்குளங்கரை ஜங்ஷனில் குடை கட்டி உட்கார்ந்து விற்க ஆரம்பித்தார்கள். அம்மா அப்பாவைத் தனியாக எங்கேயும் விடவில்லை. பள்ளி திறந்துவிட்டது. நான் கடலைப் பார்க்கவில்லை. எனக்கு அப்பாமேல் கோபம், ரிம்காரன்மேல் அதைவிடக் கோபம்.

ஜூன் மாதத்தில் ஒரு சாயங்காலம், மழை விட்டிருந்த நேரம், சாய்ப்புக்குள் போய் வண்டிமேல் ஏறினேன். ஏறக் கூடாது என்று கட்டளை இருந்தது. ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு கடற்கரை வரைக்கும் ஓட்டினேன். ஒரு வளைவு வந்தது. ஒயர் முறுக்கு அப்படியே இருந்ததால் ஹார்னை அழுத்தியதும் அது அடித்தது. மூன்று முறை.

வீட்டுக்குள்ளிருந்து அப்பா ஓடிவந்தார். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் குனிந்து தடிகளைத் தொட்டுப்பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, நான் மேலே இருக்கும்போதே சீட்டைப் பிடித்து வண்டியை ஒரு உலுக்கு உலுக்கினார். வண்டி அசையவில்லை.

"கண்டியா? ரெண்டு வருசம் நிக்கும் ஆக்கும்" என்றார்.

எனக்குப் பின்னாலிருந்து கையை நீட்டி, அவரும் ஹார்னை அழுத்தினார். ஒன்று, இரண்டு, மூன்று. நனைந்த மதில்மேல் பூனைகள் வந்துவிட்டன. கொடுக்க எங்களிடம் மீன் இல்லை. அப்பா அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் தாடை என் தலையின்மேல் அழுந்தியிருந்தது, அது லேசாக நடுங்கியது. எஞ்சின் ஓடாத வண்டி எப்படி நடுங்கும் என்று நான் கீழே குனிந்து பார்த்தேன்.

இரண்டு வருடம் ஒருமுறைகூட வலிப்பு வராமல் இருந்தால்தான் வண்டியைத் தொடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார், அப்போது அது எனக்குத் தெரியாது. மறுநாள் நான் வகுப்பில் எழுந்து நின்று, எங்கள் அப்பா கட்டிய வண்டி சக்கரமே இல்லாமல் இரண்டு வருடம் நிற்கும், உங்கள் யார் அப்பாவுக்காவது அப்படிச் செய்யத் தெரியுமா என்று கேட்டேன்.